இறக்கத் தெரிந்தவருக்கே சம்பளம்

விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி, 2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார். தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஏறிய முதல் பெண். சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். பத்திரிகைகள் 8,849 மீட்டரைத் தலைப்பாக்கின. மலையேற்றத்தை ஒரு பிழைப்பாக யோசிக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகள் அதற்கு முந்தைய செய்தியைத் தேடிப் படிக்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டம் மலைப்பட்டில், கண்ணைக் கட்டிக்கொண்டு 155 அடி மலையிலிருந்து கயிற்றில் இறங்கிக் காட்டியவர் அவர்.

இந்தத் துறையில் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. ஏறுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். தானும் பத்திரமாக இறங்கி, கூட வந்தவரையும் காயமில்லாமல் இறக்கத் தெரிந்தவருக்கு மாதச் சம்பளம் கிடைக்கும். காற்றாலை இறக்கையைப் பழுதுபார்க்கிறவர், பேரிடர் மீட்புப் படைக்காரர், சாகச முகாமின் பயிற்றுநர் என்று எல்லோரும் விற்பது இந்த ஒரு திறமையைத்தான். ஆனால் ஏறவே தெரியாதவருக்கு இறங்கவும் வராது. ஆகவே ஏற்றத்திலிருந்து தொடங்குவோம்.

கால்தான் தூக்கும்

ஜிம்முக்குப் போய்ப் புஜம் வளர்த்த பையன் முதல் நாள் பாறையில் என்ன செய்வான் தெரியுமா? கைக்கு எட்டியதைப் பிடித்து, உடம்பை இழுத்து இழுத்து ஏறுவான். பத்து நிமிடத்தில் முன்கை கல்லாக இறுகிவிடும். தண்ணீர் பாட்டில் மூடியைக்கூடத் திறக்க வராது. பக்கத்தில் அவனில் பாதி உடம்புள்ள பெண் நிதானமாக மேலே போய்க்கொண்டிருப்பாள். அவள் காலால் ஏறுகிறாள்.

சாத்தூர், விளாத்திகுளம் பக்கம் பனையேறிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தளைநாரில் பாதங்களைச் சேர்த்து, மரத்தில் ஊன்றி, தொடையால் உந்துவார்கள். கை மரத்தை அணைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பாறையிலும் கைக்கு அதே வேலை: உடம்பு பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது.

பழக வேண்டியவை இவை. பாதத்தின் நடுப்பகுதியை வைக்காதீர்கள், பெருவிரல் நுனியை வையுங்கள். நுனியில் நின்றால்தான் இடுப்பைத் திருப்ப முடியும். கால் போய் அமரும் வரை கண்ணை அந்த இடத்திலிருந்து எடுக்காதீர்கள். புதியவர்களில் பெரும்பாலோர் கால் படுவதற்கு ஒரு நொடி முன்பே மேலே பார்த்துவிடுகிறார்கள், கால் தவறுகிறது. இதற்கு ஒரு பயிற்சி உண்டு: சத்தம் வராமல் ஏறுங்கள். கால் பாறையில் உரசும் ஒலி கேட்டால் கீழே வந்து மறுபடி முதலிலிருந்து. எரிச்சலூட்டும், ஆனால் ஒரு மாதத்தில் நடையே மாறிவிடும்.

பிடித்துத் தொங்கும்போது முழங்கையை மடக்காதீர்கள். மடக்கிய கையில் தசை வேலை செய்கிறது, நீட்டிய கையில் எலும்பு தாங்குகிறது. செங்குத்தான சுவரில் நெஞ்சை முன்னால் காட்டி நிற்காமல் ஒரு பக்க இடுப்பைச் சுவரோடு ஒட்டுங்கள், அதே பக்கத்துக் கை ஒரு சாண் கூடுதலாக எட்டும். ஒரு காலுக்கு மட்டும் இடம் இருந்தால் இன்னொரு காலைச் சும்மா தொங்கவிடாமல் எதிர்ப்பக்கம் நீட்டிச் சமநிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பாறைகளில் சரிவான வழுக்குப்பாறைகள் நிறைய. அங்கே பிடிக்க ஒன்றுமே இருக்காது, உராய்வு மட்டும்தான். பயத்தில் பாறையைக் கட்டிப்பிடித்துச் சாய்ந்தால் கால் வழுக்கும், ஏனென்றால் எடை பாதத்தைவிட்டு நகர்ந்துவிட்டது. இடுப்பைக் கொஞ்சம் வெளியே தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி, ஷூவின் ரப்பர் முழுக்கப் பாறையில் படும்படி நில்லுங்கள். நம்பி எடையைப் போட்டால் நிற்கும், சந்தேகத்தோடு பாதி எடை போட்டால் சறுக்கும். முதல் நாள் இதை யாரும் நம்புவதில்லை.

போல்டரிங் என்கிற, கயிறில்லாமல் சின்னப் பாறைகளில் ஏறும் வகையில் தரைக்கு வருவதே பெரிய பாடம். ஏறுவதற்கு முன்பே இறங்கும் வழியைச் சுற்றிப் பாருங்கள். எளிய பாறைகளில் ஏறிய வழியிலேயே படிப்படியாக இறங்கிப் பழகுங்கள். காலடித் திறமையை இதைவிட வேகமாக வளர்க்கிற பயிற்சி வேறில்லை. விழுந்தால் முழங்காலை மடக்கி விழுந்து, அப்படியே பின்புறமாக உருளுங்கள். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். கீழே நிற்கிற நண்பருக்கும் வேலை இருக்கிறது. உங்களைத் தூக்கிப் பிடிப்பது அவர் வேலையில்லை. இடுப்பைத் தள்ளி, நீங்கள் கிராஷ் பேட் மெத்தைமேல் கால் ஊன்றி விழும்படி திருப்பிவிட வேண்டும், தலை பாறையில் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலை உள்ளே மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் அவருக்குத்தான் சுளுக்கு.

விரலும் மருந்தும்

தசை சில வாரங்களில் வலுவாகும். விரலுக்குள் ஓடும் தசைநாணும், அதை எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கிற சின்ன வளையங்களும் வலுவாக ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும். இந்த இடைவெளியில்தான் ஆர்வமுள்ளவர்கள் விரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தசை முடியும் என்கிறது, வளையம் அறுந்துவிடுகிறது. மோதிரவிரலின் அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம், பிறகு மாதக்கணக்கில் ஓய்வு.

எனவே பிடிக்கிற விதத்தைக் கவனியுங்கள். விரல்களை நன்றாக மடக்கி, கட்டைவிரலை அவற்றின் மேல் அழுத்திப் பூட்டுகிற பிடி மிகப் பலமானது. வளையத்துக்கு மிக மோசமானதும் அதுவே. முதல் வருடத்தில் விரலை நீட்டிய திறந்த பிடியையும், பாதி மடக்கிய பிடியையும் மட்டும் வைத்துப் பழகுங்கள். விரல்பலகையில் தொங்குவது அடுத்த வருடத்துக்கு. கால் வைக்காமல் கையாலேயே தாவி ஏறும் ஏணிப்பலகை அதற்கும் பிறகு. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு விஷயத்திலும் கண்டிப்பாக இருங்கள். எலும்பு வளர்கிற வயதில் விரல் மூட்டருகே உள்ள வளர்ச்சித் தட்டில் முறிவு வரும். வீக்கம் இருந்தால் தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

சிவகாசிக்கு என்றே ஒரு கணக்கு இருக்கிறது. பட்டாசு ஆபிஸிலோ தீப்பெட்டி ஆபிஸிலோ பீஸ் ரேட்டில் வேலை பார்க்கிறவரின் விரல்கள் காலையிலிருந்தே உழைத்துக்கொண்டிருக்கின்றன. குழாய் உருட்டுவது, திரி ஏற்றுவது, பெட்டி அடைப்பது எல்லாமே விரல் வேலை. சாயங்காலம் வந்து அதே விரல்களைப் பலகையில் தொங்கவிடுவது அறிவீனம். வேலை நாட்களில் காலுக்கும் வயிற்றுத் தசைக்கும் பயிற்சி கொடுங்கள்: ஒற்றைக்கால் உட்கார்ந்து எழுவது, பலகை நிலையில் தாங்குவது, ஓட்டம். தண்டால் கட்டாயம் வேண்டும். ஏறுவது முழுக்க இழுக்கிற வேலை, தள்ளுகிற தசைகளை விட்டுவிட்டால் தோள் முன்னால் கூனிவிடும். கனமாக ஏறிய பிறகு விரலுக்கு இரண்டு நாள் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் வாரத்தின் நடுவில் இன்னொரு நாளும் போதும்.

கையில் வெள்ளியாய் ஒட்டிக்கொண்டிருக்கும் அலுமினியப் பவுடரைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பாறையைத் தொட வேண்டும், வழுக்கும். வேர்வைக்குப் போடும் வெள்ளைப் பொடி வாங்கும்போதும் வாயைச் சரியாகத் திறக்க வேண்டும். ஏறுகிறவர்கள் பயன்படுத்துவது மெக்னீசியம் கார்பனேட், அது எரியாது. சிவகாசி கெமிக்கல் கடையில் போய் ‘மெக்னீசியம் பவுடர்’ என்று கேட்டால் கிடைப்பது உலோகத்தூள். அது என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

கயிறு

கடையில் கிடைக்கிற நைலான் கயிறு கொடி கட்ட, கிணற்றில் வாளி இறக்க. உடம்பைத் தொங்கவிட அல்ல. ஏறுவதற்கான கயிற்றில் இரண்டு வகை. நீங்கள் விழும்போது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிற நெகிழ்கயிறு ஒன்று, அதில் ஈ.என். 892 என்ற தரக்குறியீடு இருக்கும். இறங்கவும், கயிற்றில் தொங்கி வேலை செய்யவும் உதவுகிற, அதிகம் நீளாத கயிறு இன்னொன்று, ஈ.என். 1891. முதலாவதன் வேலையை இரண்டாவதற்குக் கொடுத்தால், விழுகிறபோது கயிறு அறுவதற்கு முன் முதுகெலும்பு பதில் சொல்லும்.

நைலானுக்கு அமிலம் எமன். கார் டிக்கியில் பழைய பேட்டரிக்குப் பக்கத்தில் கிடந்த கயிறு, வெளியே எந்தக் கறையும் தெரியாமலேயே உள்ளே செத்திருக்கும். கெமிக்கல் மூட்டைகள் இருக்கும் குடோனிலோ, வெடிமருந்து வேலை பார்த்த உடைகளோடு சேர்த்தோ கயிற்றையும் இடுப்பில் மாட்டும் ஹார்னஸையும் வைக்காதீர்கள். தனிப் பையில், நிழலில், வீட்டில். வெயிலும் அதைத் தின்னும். சந்தேகம் வந்த கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாகத் தூக்கிப்போட்டால் வேறொருவர் எடுத்துத் தொங்குவார்.

ஏறுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நீங்களும் கீழே கயிறு பிடிக்கிறவரும் ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும். உங்கள் எட்டு முடிச்சை அவர் பார்க்க வேண்டும். கயிற்றைப் பிடித்து நிறுத்துகிற அவருடைய பிலே கருவியையும் பூட்டிய காரபினரையும் நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டும். இறங்கும்போது கயிற்றின் கடைசி நுனியில் முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். உலகம் முழுக்க நல்ல அனுபவசாலிகள் நுனி முடிச்சில்லாத கயிற்றிலிருந்து கழன்று விழுந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஏறத் தெரியாமலில்லை. அன்றைக்குச் சோம்பலாக இருந்தது.

பட்டாசுத் தொழிலிலிருந்து வருகிறவருக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, கலவை இவ்வளவுக்கு மேல் கூடாது, செல்போன் கூடாது, இரும்பு கூடாது. அந்த விதிகள் மீறப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஃபோர்மேனாக இருந்து ஆட்களை விதிப்படி நடத்தியிருந்தால், வேலை விண்ணப்பத்தில் அதை முதல் வரியில் எழுதுங்கள். உயரத்தில் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு புல்லப் எண்ணிக்கையைவிட அது பெரிய தகுதி.

தேனி மாவட்டத்தில் பிறந்து சித்ரதுர்கா கோட்டைச் சுவர்களில் கயிறே இல்லாமல் ஏறும் ஜோதிராஜைப் பற்றி யாராவது கேட்பார்கள். அசாத்திய மனிதர். பாருங்கள், ரசியுங்கள். ஆனால் வேலைக்கு எடுக்கிறவர் உங்களிடம் எதிர்பார்ப்பது அதன் நேர் எதிர்.

எங்கே ஏறுவது

விருதுநகர் கரிசல் பூமி. ஏற நல்ல பாறை இருக்கிற இடங்களில் பெரும்பாலும் சாமி இருக்கும், கல்வெட்டு இருக்கும், அல்லது வனத்துறை இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மூவரைவென்றான் பாறையைப் பார்த்தால் கை அரிக்கும். அது பாண்டியர் குடைவரைக் கோயில் இருக்கிற இடம். மதுரை ஒத்தக்கடை யானைமலை இன்னும் ஆசைகாட்டும். அங்கே சமணப் படுக்கைகளும் நரசிங்கம் குடைவரையும் இருக்கின்றன. இதுபோன்ற இடங்களில் ஆணி அடிப்பதும் வெள்ளைப் பொடி பூசுவதும் குற்றம் மட்டுமல்ல, அசிங்கம். மேற்கே மலைத்தொடர் 2021இலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைவதை வனத்துறை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கைவிட்ட கல்குவாரியும் வேண்டாம். வெடி வைத்து உடைத்த பாறை உள்ளுக்குள் விரிந்திருக்கும், கையோடு பெயர்ந்து வரும்.

அப்படியானால்? வீட்டில் ஒரு சுவர் கட்டுங்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட், இரும்புச் சட்டம், முப்பது டிகிரி முன்சாய்வு, ஆசாரி இழைத்துக் கொடுத்த மரப்பிடிகள். விளிம்புகளை உப்புத்தாள் போட்டு உருட்டிவிடுங்கள், விரல்தோல் கிழியாது. நாலு பேர் சேர்ந்து செய்தால் செலவு தாங்கும். வாரநாள் பயிற்சிக்கு இது தாராளம். சித்திரை வெயிலில் பாறைக்குப் போனால் விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், சூடான பாறையில் ரப்பரும் பிடிக்காது, தோலும் நிற்காது.

உண்மையான பாறைக்கு வடக்கே போக வேண்டும், அதற்கான காலம் நமக்குத் தானாகவே அமைகிறது. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும். கர்நாடகத்தில் ஹம்பியும் பாதாமியும் ஏறத் தகுந்த குளிருக்கு வருவதும் அப்போதுதான், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. ஹம்பியில் துங்கபத்திரைக்கு அக்கரையில் ஆனேகுந்திப் பக்கம் கருங்கல் உருண்டைகள், போல்டரிங்குக்கு. பாதாமியில் செந்நிற மணற்கல் சுவர்கள், கயிற்று ஏற்றத்துக்கு. அங்கே வாடகைக்கு மெத்தை கிடைக்கும், ஏறத் தெரிந்தவர்கள் கூட்டமும் கிடைக்கும். மழை பெய்தால் மணற்கல்லில் ஒன்றிரண்டு நாள் ஏறாதீர்கள், ஈரத்தில் பிடிகள் உடையும்.

வேலை

சம்பளம் அதிகம் வருவது கயிற்றில் தொங்கிச் செய்யும் தொழில்களில். வட கடல் எண்ணெய்க் கிணறுகளுக்காக பிரிட்டனில் தொடங்கிய ஐராட்டா (IRATA) அமைப்பின் சான்றிதழ் உலகம் முழுக்கச் செல்லுபடியாகிறது. மூன்று நிலைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நாள் பயிற்சி, பிறகு வெளியாள் ஒருவர் வந்து வைக்கும் தேர்வு. சான்றிதழ் மூன்று வருடத்துக்குச் செல்லும். முதல் நிலையிலிருந்து இரண்டாவதற்குப் போகக் குறைந்தது ஒரு வருடமும் 1,000 மணி நேரக் கயிற்று வேலையும் வேண்டும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் அப்படியே. மூன்றாம் நிலைக்காரர் மேற்பார்வையாளர். கயிற்றில் மயங்கித் தொங்குகிறவரைக் கீழே கொண்டுவரும் பொறுப்பு அவருடையது, அதற்குத்தான் அவருக்குக் கூடுதல் சம்பளம்.

பயிற்சி நிலையங்கள் சொல்ல மறக்கும் ஒரு விஷயம்: கயிறு உங்களை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அங்கே போய் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை வைத்துத்தான் கூலி. வெறும் முதல் நிலைச் சான்றிதழோடு போனால் கண்ணாடி துடைப்பீர்கள். ஐ.டி.ஐ.யில் வெல்டர், எலக்ட்ரீஷியன், பெயின்டர் படிப்பு முடித்துவிட்டு அதன்மேல் கயிற்றுச் சான்றிதழ் வாங்கினால் கணக்கே வேறு. கயத்தாறு, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நம் கையெட்டும் தூரம். இறக்கையின் ஃபைபர் ஒட்டும் வேலை தெரிந்த, கயிற்றில் தொங்கத் தெரிந்த ஆள் அங்கே தேவைப்படுகிறார். காற்றாலை நிறுவனங்கள் ஜி.டபிள்யூ.ஓ. பாதுகாப்புப் பயிற்சியையும் கேட்கும்.

பயிற்றுநராக ஆசை இருந்தால் வழி இமயமலை வழியாகப் போகிறது. டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலயன் மலையேற்ற நிறுவனம், உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம், இவை அரசு நிறுவனங்கள், கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. அடிப்படைப் பயிற்சி 28 நாள். அதில் ‘ஏ’ கிரேடு எடுத்தால்தான் மேல்நிலைப் பயிற்சி, அதற்கும் பிறகு கற்பிக்கும் முறைக்கான பயிற்சி. அந்த மூன்றும் கையில் இருந்தால் கோடை முகாம்கள், பள்ளிகள், சாகச நிறுவனங்கள் தேடிவரும். இடம் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும், விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். முதுகில் பதினைந்து, இருபது கிலோ சுமையோடு நடந்து பழகிவிட்டுப் போங்கள். கொஞ்சம் ஹிந்தியும் பழகுங்கள். உத்தரகாசியில் தேக்லா பாறையில் உங்களுக்குப் பிலே கட்டளை சொல்கிறவர் தமிழில் சொல்ல மாட்டார்.

போலீஸ், தீயணைப்பு வேலைக்குத் தயாராகிறவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் உண்டு, அங்கேயும் புஜத்தை நம்புகிறவர் பாதியில் நின்றுவிடுகிறார். கயிற்றை ஒரு பாதத்தின் மேல் ஓடவிட்டு, மறு பாதத்தால் மிதித்துப் பூட்டி, எழுந்து நில்லுங்கள். பணியில் சேர்ந்த பிறகு கயிற்று மீட்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுங்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் அரக்கோணத்தில்தான் இருக்கிறது.

போட்டி வழி குறுகலானது. இந்திய மலையேற்ற அறக்கட்டளை நடத்தும் மண்டலப் போட்டிகளிலிருந்து தேசிய அளவுக்குப் போகலாம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் போல்டரிங், கயிற்று ஏற்றம், வேக ஏற்றம் மூன்றுக்கும் தனித்தனிப் பதக்கம். 2024 பாரிஸில் 15 மீட்டர் சுவரை ஆண்கள் ஐந்து நொடிக்குள் ஏறினார்கள். அந்த அளவுக்குப் பெங்களூருவிலோ வேறு பெருநகரத்திலோ குடியேறிப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும். பதக்கம் வராவிட்டாலும் உள்ளரங்கச் சுவர்களில் பிடிகளை அமைத்து வழி வகுக்கும் வேலை அங்கே கிடைக்கும். ட்ரில் மெஷினும் கற்பனையும் வேண்டிய வேலை, என்னைக் கேட்டால் இருப்பதிலேயே சுவாரஸ்யமானது அதுதான்.

எந்த வழியில் போனாலும் முதல் நாளிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, இடம், எத்தனை மணி நேரம், எந்தக் கயிறு, மேற்பார்வையாளர் கையெழுத்து. கையெழுத்தை அன்றைக்கே வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அந்த மேற்பார்வையாளர் துபாயில் இருப்பார். வேலைக்குச் சேரும் முன் நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வேலைக் கயிற்றோடு இரண்டாவது காப்புக் கயிறு எங்கே தனியாகக் கட்டப்படும், நான் மேலே மயங்கினால் என்னை இறக்கப் போவது யார், என் விபத்துக் காப்பீட்டுப் பிரதி எப்போது கையில் வரும். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி’ என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.